தவமணி குடிபோன வீடு

விட்பி ஊரில் எங்கள் மகன் மிதுனன் வாங்கிய காணி எவ்வளவு சரிவென்றால், மேல் மூலையில் நின்று தும்மினால் என் மூக்குக்கண்ணாடி கீழ்வளவுக்காரனின் நாயின் முகத்தில் போய் மாட்டிக்கொள்ளும். நாய்க்கு அது நன்றாகப் பொருந்தவும் செய்தது.

அந்தக் காணிதான் வேண்டுமென்று நின்றவள் என் மனைவி தவமணி. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து ஸ்காபரோவில் யார் யாரோ வீட்டு நிலத்தடி பேஸ்மென்ற்றில்தான் நாங்கள் குடியிருந்தோம். சன்னல் என்ற பெயரில் உச்சியில் ஒரு சாண் கண்ணாடி. அதில் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். சப்பாத்தைப் பார்த்தே தபால்காரரின் குடும்பச் சண்டையைச் சொல்லிவிடுமளவுக்குத் தவமணி தேறியிருந்தாள்.

சரிவில் கட்டினால் முன்பக்கம் கீழ்த்தளம் நிலத்துக்குள் இருக்கும். பின்பக்கம் அதே தளத்துக்கு முழுக் கதவு, முழுச் சன்னல். வீடு கட்டித்தர வந்த சீமோன்தான் இதை அவளுக்கு விளங்கப்படுத்தினார்.

"பேஸ்மென்ற்தான் அக்கா. ஆனா வெளிச்சம் உங்களைத் தேடி வரும்."

"அப்ப அதுதான் என்ரை அறை."

அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று டொக்டர் சொல்லி அப்போது அதிக நாளாகியிருக்கவில்லை. அந்த அறையில் ஒருநாளாவது நித்திரை விட்டெழும்ப வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

மண் வெட்டுவதற்கு முன் காணியில் பொங்கினோம். பால் கிழக்கே வழிந்தால் நல்லது, தெற்கே வழிந்தால் ஆகாது. காணியோ தெற்கே சரிகிறது. அடுப்புக் கல்லில் வைத்ததும் பானை யமன் இருக்கும் திசைக்கே தலை குனிந்தது. தவமணி கண்மூடிக் கும்பிட்ட நேரம் பார்த்து, தென்மேற்குப் பக்கத்தில் ஒரு சில்லுக்கல்லைச் செருகினேன்.

"என்னப்பா செய்யிறியள்?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"எறும்பொண்டு. தள்ளிவிட்டனான்."

"உந்தச் சின்னக்கல்லு காணாது. பெரிசா ஒண்டு பாருங்கோ."

பார்த்தேன். பால் கிழக்கே பாய்ந்த வேகத்தில், அந்தப் பக்கத்து அடுத்த ஊரான ஒஷாவாக்காரர் வெள்ளமென்று மாடிக்கு ஏறினார்கள்.

பிறகு மழை பிடித்தது. பெக்கோ மெசின் தோண்டத் தோண்ட மண் சரிந்தது. முதலில் மண்ணைப் பிடிக்க ஒரு சுவர் எழுப்பாமல் அத்திவாரம் போடேலாது என்றார் சீமோன். கோடை முழுவதையும் அந்தச் சுவர் தின்றது. தவமணி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். நான் கட்டிலருகே இருந்து கதை அளந்தேன்: சுவர் உயர்ந்த உயரத்தில் பிளேன் எல்லாம் சுற்றிப் போகிறது, விமானி ஒருவன் இறங்கி வந்து சீமோனோடு சண்டை பிடித்தான். அவள் சிரிப்பாள். சிரித்தால் நோகும். நொந்துகொண்டே "பிறகு?" என்பாள்.

இலையுதிர் காலத்தில் கீழ் அறைக்கு மேல்தளமும் பெரிய சன்னலும் ஏறின. சுவர்கள் இன்னும் வெறும் மரச்சட்டங்கள். அந்தக் கிழமைதான், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார் டொக்டர். அவளை ஒருக்கால் அந்த அறைக்குக் கொண்டுவர வேண்டுமென்று நான் சீமோனிடம் போய்க் கேட்டேன்.

"வேலை நடக்கிற இடத்துக்கை வருத்தக்காரரை விட்டா என்ரை லைசன்ஸ் போயிடும் அண்ணை."

"நீர் விடவேண்டாம். ஒரு பின்னேரம் கோப்பி குடிக்கப் போம்."

சீமோன் தலையைச் சொறிந்தார். "நான் மெல்ல மெல்ல, ஆறுதலாத்தான் கோப்பி குடிக்கிறனான்."

மிதுனன் தாயைக் கையில் ஏந்திக்கொண்டு சரிவில் இறங்கினான். அவள் பாரமே இல்லை என்பது அவன் நடந்த வேகத்தில் தெரிந்தது. கம்பளியால் சுற்றி, ஒரு சாய்கதிரையில் சன்னலுக்கு நேரே இருத்தினோம். வெயில் அவள் மடிவரை வந்தது. மிதுனன் வெளியே போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றான்.

"பாத்தியே, ஏரி தெரியுது. கப்பலொண்டு போகுது. அதிலை ஒருத்தன் உனக்குக் கை காட்டுறான்."

"அங்கை பக்கத்து வீட்டுக்காரன்ரை பார்பிக்கியூ அடுப்பெல்லோ நிக்குது."

"அதுக்குப் பின்னாலை பாரப்பா."

"இஞ்சேருங்கோ." என் பக்கம் திரும்பினாள். "ஒருக்கா உள்ளதைச் சொல்லுங்கோ. நான் இந்த வீட்டுக்கு வருவனே?"

நூறு பொய் வாய்க்குள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் நல்ல வடிவு.

"இல்லைத் தவம்," என்றேன். "வரமாட்டாய்."

கம்பளிக்குள்ளிருந்து ஒரு விரலை எடுத்தாள். "அப்ப கட்டிலை இந்தப் பக்கம் போடுங்கோ. கதவடியிலை போட்டா உங்களுக்குக் குளிர் பட்டுத் தடிமன் பிடிக்கும்." அலுமாரிக்கு இடம் காட்டினாள். சாமிப்படத்துக்குக் காட்டினாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே கண் அயர்ந்தாள்.

வெயில் போன பிறகுதான் விழித்தாள். மங்கலில் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "விடிஞ்சிட்டுதே?"

"ஓம்," என்றேன்.

முதல் பனி விழமுன் தவமணி போய்விட்டாள்.

மாசியில் வீட்டு வேலை முடிந்தது. நாள் பார்க்கப் போனபோது, ஒரு வருச ஆட்டைத் திவசம் முடியாமல் புதுவீடு குடிபூரக் கூடாது என்று ஐயர் சொன்னார். மிதுனன் தலையைக் குனிந்துகொண்டு எழும்பினான். நான் எழும்பவில்லை.

"அது புதுவீடில்லை ஐயா. அங்கை ஏற்கெனவே ஆள் குடியிருந்தது."

"ஆர் இருந்தவை?"

"என்ரை மனுசி. நித்திரை கொண்டு எழும்பினவ."

ஐயர் மிதுனனைப் பார்த்தார். "ஓம் ஐயா," என்றான் அவன். "அம்மா இருந்தவ."

ஐயர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். "அப்ப என்னை ஏன் கேக்கிறியள்? போய் இருங்கோ."

எங்கள் இருவரின் பெரிய கட்டில் அவள் காட்டிய பக்கத்தில் கிடக்கிறது. மிதுனன், "தனிக்கட்டில் ஒண்டு வாங்குவமே அப்பா, இடம் கிடைக்கும்," என்றான். வேண்டாம் என்றேன்.