நாலாம் வகுப்புக் கடல்

தொண்ணூற்றாறாம் ஆண்டு முதலாம் தவணை தொடங்கிய அன்று, மலைநாட்டில் வத்தேகமவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டப் பாடசாலையின் நாலாம் வகுப்பில் முழங்காலளவு கடல் இருந்தது. மழைத் தண்ணீர் என்றுதான் அதிபர் செல்லச்சாமி முதலில் நினைத்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு. கதவு திறந்தே கிடந்தும் அது வாசலைத் தாண்டவில்லை. கரும்பலகைப் பக்கமிருந்து கிளம்பிய சின்ன அலையொன்று கடைசி வாங்கு வரை போய், அங்கே வழக்கமாகத் தூங்கும் பிள்ளைகளை எழுப்பிவிட்டுத் திரும்பியது. செல்லச்சாமி பயந்த சுபாவம். மேலிடத்துச் சுற்றுநிருபம் வந்தால்கூடச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பிரிப்பார். கதவைச் சாத்திவிட்டு, புதிதாக வந்திருந்த யசோதினி டீச்சரைக் கூப்பிட்டார். சண்டையில் வீட்டை இழந்து, வடக்கே பருத்தித்துறையிலிருந்து ஒற்றைச் சூட்கேசோடு இடம்பெயர்ந்து வந்தவர் அவர். “ஓம் சேர், அது என்னோடதான் வந்தது,” என்றார் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு. “எங்கட வீட்டு வளவுக்குப் பின்னால கிடந்தது. நான் கூப்பிடேல்லை. பாவம், தானா வந்திட்டுது. பெரிசாச் சத்தம் போடாது.”

தோட்டத்து ஆட்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் மலையேறுமுன் நாலாம் வகுப்புக்குள் நுழைந்து கால் நனைத்துக்கொண்டார்கள். உப்பு ஊறிய காலை எந்த அட்டையும் தொடவில்லை. வத்தேகம சந்தையில் கருவாட்டு விலை இறங்கியது. ஐந்தாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் வேண்டுமென்றே கணக்கைப் பிழையாகச் செய்து, தங்களைத் திரும்பவும் நாலுக்கு அனுப்பச் சொல்லி அழுதார்கள். பார்வையிட வந்த கல்வி அதிகாரியின் கால் பெருவிரலை நண்டொன்று கவ்வியது. அவர் ‘வகுப்பறை உயிர்த்துடிப்போடு உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

அந்த வருடம் கொழும்பில் குண்டு வெடித்தபின் வத்தேகமப் பக்கமும் சோதனை கூடியது. வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பொலிசில் பதிய வேண்டும். யசோதினி டீச்சர் பதிந்திருந்தார், கடல் பதியவில்லை. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். சார்ஜன் ஒருவர் ஜீப்பில் வந்து, சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, “மே மொகத?” என்று அதட்டினார். சிங்களத்தில் அதற்கு ‘இது என்ன’ என்று அர்த்தம். கடலுக்குச் சிங்களத்தில் முஹுத. செல்லச்சாமி உண்மையைத்தான் சொன்னார். “முஹுத, சேர்.”

“மொகத?”

“முஹுத.”

தன்னைப் பழித்துக் காட்டுகிறான் இந்த மனுசன் என்று சார்ஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு ஒரு அலை வந்து அவருடைய தொப்பியைக் கொண்டுபோனதும் விஷயம் விளங்கியது. சந்தையில் பழகிய தமிழில், வடக்கிலிருந்து வந்தது எதுவானாலும் உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் டீச்சரும் கடலும் இரண்டு பேருமே ஜீப்பில் ஏறட்டும் என்றார். அப்படி ஏறிப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை என்பது அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் தெரியும். டீச்சரின் கையிலிருந்த வெண்கட்டி நழுவி விழுந்தது. கடல் சுருண்டு போய் அலுமாரிக்கு அடியில் ஒதுங்கியது. ஓடிவிடலாம் என்றுகூடச் செல்லச்சாமி நினைத்தார். ஆனால் கால்கள் என்னமோ அலுமாரிப் பக்கமாக நடந்துபோய், அதற்கு முன்னால் நின்றுகொண்டன. “நான் பொறுப்பு சேர்,” என்று அவருடைய வாய் சொல்லிற்று. “இவங்க நம்ம சம்சாரத்தோட சித்தி.”

சார்ஜன் அவரையும் அலுமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். “பேர்?”

“கடலம்மா.”

“வயசு?”

“ரொம்ப ஆகுது சேர். யாரும் குறிச்சு வைக்கல.”

“தொழில்?”

செல்லச்சாமி யோசித்தார். “அலைச்சல்தான் சேர்.”

சார்ஜன் அப்படியே எழுதிக்கொண்டார். அலுமாரிக்கு அடியிலிருந்து தொப்பி மெதுவாக மிதந்து வந்து அவருடைய காலடியில் நின்றது. சண்டையால் திருகோணமலைக் கடலுக்குப் போக முடியாத காலமாகையால், அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்கே அவர் தன் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிவந்தார். போகும்போது அதிபரின் மேசையில் கித்துள் கருப்பட்டி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில்தான் கொஞ்சம் சிக்கல். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொந்தம் உண்டாக்கியதற்காகச் செல்லச்சாமியின் மனைவி புஷ்பம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் தீபாவளிக்குச் சித்தி முறைக்கென்று ஒரு சேலை எடுத்துக்கொண்டு போய் அலையில் விட்டாள். கடல் அதை வாங்கிக்கொண்டது. பதிலுக்கு ஒன்றும் தரவில்லை. “நம்ம சொந்தக்காரங்க மாதிரியேதான் இருக்காங்க,” என்று சொல்லி, அன்றைக்கே புஷ்பம் சமாதானமாகிவிட்டாள்.

யுத்தநிறுத்தம் வந்தபோது யசோதினி டீச்சருக்கு ஊருக்கே மாற்றம் கிடைத்தது. புறப்படும் நாளில் தண்ணீரில் இறங்கி நின்று, “வா, போவம்,” என்று கூப்பிட்டார். கடல் வாசல் வரை அவரோடு வந்தது. உள்ளே ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பின்வாங்கிப் போய்க் கரும்பலகைக்குக் கீழே படுத்துக்கொண்டது. டீச்சர் கண்ணைத் துடைத்தார், சிரிப்பும் வந்தது. “சரி, நீ இரு,” என்றார். “அங்கை வேறொண்டு கிடக்கு. அதைப் பழக்கி எடுப்பம். சேர், நான் போட்டு வாறன்.” செல்லச்சாமி பஸ் வரைக்கும் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, பிள்ளைகள் எல்லாம் போனபிறகு, நாலாம் வகுப்பில் வெகுநேரம் கால் நனைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் பாடசாலைக்கு மாடிக் கட்டடம் வந்தது. நாலாம் வகுப்பு மேலே என்று முடிவாகியிருந்தது. ஓய்வு பெற்றுக் குண்டசாலையில் மகள் வீட்டோடு இருந்த செல்லச்சாமியைத் திறப்பு விழாவுக்குக் கூட்டிவந்து, படியோரம் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். கடலுக்குப் பம்ப் பூட்டுவதா, வாளியில் அள்ளுவதா என்று பெற்றோர் சங்கம் இன்னும் விவாதித்துக்கொண்டிருந்தது. நாடா வெட்டியதும் பிள்ளைகள் பைகளோடு மேலே ஓடினார்கள். கடல் வெறும் வகுப்பில் சற்று நேரம் நின்றது. பிறகு வெளியே வந்து, முற்றத்தைக் கடந்து, ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்கியது. செல்லச்சாமி வேட்டியைத் தூக்கிக் காலை மடக்கி வழி விட்டார். “அவசரமில்ல, மெதுவா ஏறுங்க,” என்றார். மேலே நாலாம் வகுப்பு ஆசிரியை நிலூஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பின்தங்கி வந்த இறால்களும் உள்ளே போனபிறகு சாத்தினார். படி வழுக்காமலிருக்க யாரோ ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்து விரித்தார்கள். கீழே எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார்கள்.