கையெழுத்துப் போடாத மூப்பர்

பியட்றிஸ் அப்பாவின் கழுத்துப்பட்டியை மறுபடியும் அவிழ்த்தாள். உயிரோடு இருந்த காலத்திலேயே இராஜதுரைக்கு எந்த முடிச்சும் திருப்தி தந்ததில்லை. இப்போது ஆஸ்பத்திரியின் பிண அறையில் ஒன்றும் சொல்லாமல் படுத்திருக்கும்போதும் அது அவள் கைக்குச் சரிவரவில்லை. எதிரே நின்ற அம்மா கோசலை, அவருடைய தலையைப் பக்கவகிடு எடுத்து வாரிக்கொண்டிருந்தாள்.

"இறுக்கிக் கட்டு, பிள்ளை. தொளதொளவெண்டு கிடந்தால் மனுசனுக்குப் பிடியாது."

கதவைத் தட்டிவிட்டு பாஸ்டர் ஜெயரட்ணம் உள்ளே வந்தார். அடக்க ஆராதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. பாஸ்டர் நல்ல மனிதர். நோய், வருத்தம் என்று கேள்விப்பட்டால் நகரத்துக்கு வெளியே ஸ்தேனுக்கும் ஓடுவார், லெ பிளாங்-மெனிலுக்கும் ஓடுவார். கோபிக்க ஒரு சாட்டும் தரமாட்டார். அவரிடம் உள்ள பெரிய தொல்லையே அதுதான்.

"அன்ரி, ஒரு நல்ல விசயம் சொல்ல வந்தனான்" என்றார். "ஐயாவை மூப்பர்மாரே தூக்கலாம்."

அம்மாவின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

லாசப்பலில் தமிழ்க் கடைத்தெருவுக்குப் பின்னால் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்துக்காரரின் ஆலயம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் அதை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் பிரெஸ்பிற்றேரியன் சபை கூடும். பாஸ்டர் பிரசங்கம் செய்வார், மூப்பர்கள் நிர்வாகம் செய்வார்கள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மூப்பராக இருந்தவர் செத்தால், வாசலிலிருந்து வான் வண்டி வரைக்கும் சவப்பெட்டி மற்ற மூப்பர்களின் தோளில்தான் போகும். கூலிக்கு வரும் சவச்சேவைக் கொம்பனிக்காரர் கிட்ட வரக்கூடாது. சபை தொடங்கிய நாளில் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே இராஜதுரைதான்.

பிறகு பாஸ்டர் ஒரு விசுவாச அறிக்கை எழுதினார். மூப்பராக இருக்கிறவர்கள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போடவேண்டும் என்று மூப்பர் சங்கம் தீர்மானித்தது. இராஜதுரைக்குத் தெருமுனையில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. கலியாணக் கார்டும், பிள்ளையார் தேர் நோட்டீசும், மரண அறிவித்தலும் அங்கேதான் அச்சாகும். அறிக்கையையும் அவர்தான் நல்ல தடித்த தாளில், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் அச்சடித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார்.

"அச்சடிச்ச கைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதோ?" என்று கேட்டவர் தலைமை மூப்பர் தவரத்தினம். அப்பாவுக்கு நாற்பது வருடச் சிநேகிதர்.

"அச்சடிக்கிறது தொழில், தவம். பிள்ளையார் நோட்டீசும்தான் அடிக்கிறன்."

ஒரே ஒரு வசனம்தான் அவருக்குத் தடை. கிறிஸ்துவை அறிக்கையிடாமல் மரித்த எல்லோரும் நித்திய நரகத்துக்குப் போகிறார்கள் என்று விசுவாசிக்கிறேன் என்ற வசனம். அப்பா அதை மறுக்கவில்லை. தெரியாது என்றார். தெரியாததைத் தெரியும் என்று எழுதித்தர முடியாது என்றார். வீட்டில் நாள்கணக்காகப் படித்துவிட்டுப் போய்ச் சங்கத்தில் எழும்பி நின்றார். முந்நூறு வருடத்துக்கு முன் பெல்பாஸ்ற்றில் பிரெஸ்பிற்றேரியன்காரர் இதே கையெழுத்துக்காக அடிபட்டு இரண்டாகப் பிரிந்ததைச் சொன்னார். பிலடெல்பியாவில் கண்ட வழியையும் சொன்னார்: ஒரு வசனம் மனச்சாட்சிக்கு ஒத்துவராவிட்டால் சபைக்கு முன் வெளிப்படையாகச் சொல்லலாம், அது அடிப்படை இல்லாத விசயமென்றால் சபை அவரை ஏற்றுக்கொள்ளும்.

"இது பிலடெல்பியா இல்லை, லாசப்பல்" என்றார் தவரத்தினம். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தாராம்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறார் என ஊர் கதைத்தது. "கால் எத்தினையெண்டு நான் சொல்லேல்லையே. முயலை நான் காணேல்லை எண்டுதானே சொல்லுறன்" என்பார் அவர். பதவி போனது. ஆனால் ஒரு ஞாயிறும் வராமல் விட்டதில்லை. கடைசி வரிசை வாங்கில் இருந்து எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுவார்.

"என்னண்டு பாஸ்டர்? அவர் கையெழுத்துப் போடேல்லையே" என்றாள் அம்மா.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாட்டிலை நான் அறிக்கையை வாசிச்சனான், அன்ரி. அந்த வசனத்துக்கு வரேக்கை ஐயா தலையை அசைச்சவர். தங்கச்சியும் பக்கத்திலை நிண்டவ." பாஸ்டர் பியட்றிஸைப் பார்த்தார். "நீங்கள் பாத்ததைப் பாத்தனெண்டு சொன்னால் போதும், தங்கச்சி. தவம் அண்ணை ஆக்கள் வாசலிலை காத்துக்கொண்டு நிப்பினம்."

அம்மாவின் முகத்தில் அப்படி ஓர் ஆசை. அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்த பத்து நாளாக அந்த முகத்தில் பியட்றிஸ் வெளிச்சத்தைக் கண்டதில்லை. ஒரு 'ஓம்' போதும். அப்பா மறுபடி மூப்பராகி, சிநேகிதர்களின் தோளில் போவார். அதைப் பார்க்க அவளுக்கும் ஆசைதான். அப்பா தலையை அசைத்ததும் உண்மைதான்.

"அசைச்சவர்" என்றாள். "ஆனால் எதுக்கு அசைச்சவர் எண்டு எனக்குத் தெரியாது, பாஸ்டர்."

"தங்கச்சி..."

"தெரியாது பாஸ்டர். தெரியுமெண்டு சொல்ல ஏலாது."

பாஸ்டர் தலையைக் குனிந்து ஜெபம் செய்துவிட்டு, ஆலயத்தில் சந்திப்போம் என்று சொல்லிப் போனார்.

காரில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள்.

"ஒரு ஓம் சொல்ல உனக்கு வாய் வலிச்சதே? இருவது வருசம் அந்தச் சபைக்கு ஓடித்திரிஞ்ச மனுசன். ஆரோ முகந்தெரியாதவங்கள் தூக்கிக்கொண்டு போகப்போறாங்கள்."

"அம்மா, நேர்ஸ் ஊசி போடவோ எண்டு கேட்கவும் அசைச்சவர். நான் ஆர் எண்டு தெரியுதோ எண்டு கேட்கவும் அசைச்சவர். பிறகு என்னைப் பாத்து, ஆரோ நேர்ஸுக்கு நன்றி சொல்லுற மாதிரி, மெர்சி மடாம் எண்டவர்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடேயே அழுதாள். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"உனக்கு ஒரு கதை தெரியாது. இஞ்சை வந்த புதுசிலை அப்பாவின்ரை அகதிக் கேஸை இன்னொராள் எழுதிக் குடுத்தவன். ஆமி இவரின்ரை தம்பியைச் சுட்டது எண்டு எழுதிப்போட்டான். இவருக்கு ஏது தம்பி? பிரெஞ்சிலை இருந்தது, வாசிக்கத் தெரியாமல் கையெழுத்தை வைச்சிட்டார். பிறகுதான் என்ன எழுதினவன் எண்டு தெரியும். அகதிக் காட் கிடைச்ச அண்டு எல்லாரும் கோழி வெட்டிச் சமைக்கினம், இவர் சாப்பிடேல்லை. அந்த இல்லாத தம்பி என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்கிறானடி எண்டு சொல்லுவார். இனிமேல் அறியாததுக்குக் கையெழுத்து இல்லை எண்டவர்."

"என்னட்டை ஒருநாளும் சொல்லேல்லையே."

"வெக்கம் அவருக்கு." அம்மா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொன்னது சரி. அவரின்ரை பிள்ளைதான் நீ."

முப்பத்திரண்டு வயதில், ஒரு கந்தோரில் இருபது பேருக்கு மேலாளராக இருக்கும் பியட்றிஸுக்கு, அதுவரை கிடைத்த எந்தப் பாராட்டும் அப்படி இனித்ததில்லை.

ஆலயம் நிறைந்திருந்தது. கடைக்காரர், றெஸ்ரோறன்ரில் வேலை செய்கிறவர்கள், திருநீறு பூசிய கோயில்காரர் என்று அப்பாவிடம் நோட்டீஸ் அடித்த எல்லோரும் வந்திருந்தார்கள். பாஸ்டர் குறை வைக்காமல் பேசினார். இராஜதுரையைப் போல நேர்மையான மனிதனைத் தான் கண்டதில்லை என்று சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. மூப்பர் என்ற சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை.

பாட்டு முடிந்ததும் பெட்டியை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படிக்குக் கீழே கறுப்பு வான் நின்றது. மூப்பர்கள் ஒரு பக்கமாக வரிசையில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவரத்தினத்தின் கண் சிவந்து வீங்கியிருந்தது. கொம்பனிக்காரர் நான்கு பேர் கையுறையைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்குக் கிட்ட வந்தார்கள்.

அம்மா தவரத்தினத்துக்கு முன்னால் போய் நின்றாள். பெட்டியைத் தூக்கச் சொல்லிக் கெஞ்சப்போகிறாள், அல்லது ஏசப்போகிறாள் என்று பியட்றிஸும் பயந்தாள்.

"தவம் அண்ணை, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று சொல்லித் தன் கைப்பையை அவரிடம் கொடுத்தாள் அம்மா.

அவர் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியின் முன்பக்கம் வந்தாள். பியட்றிஸ் மேலங்கியைக் கழற்றி வாங்கில் எறிந்துவிட்டு மறுபக்கம் போனாள். பொம்பிளையள் பெட்டி தூக்கிறதோ என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். பாரம் மடாம், உங்களால் முடியாது என்று கொம்பனிக்காரரின் தலைவன் பிரெஞ்சில் சொன்னான்.

"என்ரை மனுசன்" என்றாள் அம்மா, தமிழிலேயே.

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு விலகி, தன் ஆட்களைப் பின்பக்கம் போகச் சொன்னான். பெட்டி எழும்பியது. அம்மா குட்டை ஆதலால் முன்பக்கம் தாழ்ந்தது. பின்னால் நின்ற உயர்ந்த ஆட்கள் ஒன்றும் கதைக்காமல் முழங்காலை மடித்து அவளுடைய உயரத்துக்கு இறங்கினார்கள். தோள் எலும்பில் மரம் அழுத்த, அப்பா இவ்வளவு பாரமா என்று பியட்றிஸுக்குப் பெருமையாக இருந்தது.

ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். வானின் கண்ணாடியில் பின்னால் வருகிறவர்கள் தெரிந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் தவரத்தினம் வந்துகொண்டிருந்தார், அம்மாவின் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி.