அண்ணன்மார் மேட்ச்

உலகத்தில் நல்ல கூடைப்பந்து அணி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது தொண்ணூற்றேழாம் வருஷம் மாநிலக் கோப்பையை வென்ற, ஆனையூர்ப் பக்கத்துக் கல்லூரி அணி. இதைச் சொல்பவர்கள் அந்த அணியில் ஆடியவர்களே என்பதால் தகவலில் பிழை இருக்க வாய்ப்பில்லை. அந்த அணியின் கேப்டன் வெள்ளைத்துரைக்கு இப்போது பழங்காநத்தத்தில் பெரிய ஹார்டுவேர் கடை, கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் பதவி, இரண்டு முழங்காலிலும் பெல்ட். அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுத்து ஆடிய கிளமெண்ட் இன்றைக்கு அதே கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர், அதாவது இப்போதைய அணியின் கோச்.

பாவம், இரண்டு அணிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் என்று கிளமெண்ட்டைப் பார்த்து யாரும் இரக்கப்பட வேண்டாம். மாட்டிக்கொண்டவரும் அவர்தான், மாட்டிவிட்டவரும் அவர்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை பழைய அணியும் இப்போதைய அணியும் மோதுவது கல்லூரி வழக்கம். பசங்கள் அதற்கு வைத்த பெயர் அண்ணன்மார் மேட்ச். முதலில் பசங்கள் அண்ணன்மாருக்குச் சால்வை போர்த்துவார்கள், பிறகு தோற்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே கிளமெண்ட், "பெரியவங்கப்பா, கொஞ்சம் பாத்து ஆடுங்க" என்று சொல்லிவைத்தார். மதுரைப் பையனுக்கு இந்த மாதிரி விஷயத்தை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு செட்டும் அடுத்த செட்டுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனது.

வெள்ளைத்துரைக்கு ஹூக் ஷாட் என்றால் உயிர். கூடைக்குப் பக்கவாட்டில் திரும்பி, ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பந்தை எறிவார். தொண்ணூற்றேழு ஃபைனலை ஜெயித்ததே அந்த ஷாட்டில்தான். அதை இப்போது அவர் போடும்போது, எக்கினாலே தட்டிவிடக்கூடிய ஆறடிப் பையன் பக்கத்தில் நின்று பக்தியோடு அண்ணாந்து பார்ப்பான். பந்து விழாவிட்டால் பொறுக்கி அவர் கையிலேயே திரும்பக் கொடுப்பான். எப்படியும் ஒன்று விழும், கைதட்டல் கிளம்பும்.

ஆட்டம் முடிந்ததும் பிரியாணி வரும். பிரியாணியோடு ஒப்பீடும் வரும்.

"நாங்கல்லாம் சிமெண்ட் தரையில வெறுங்கால்ல ஆடுனவங்க" என்பார் வெள்ளைத்துரை. "இவனுங்க ஷூவுக்கு லேஸ் கட்டி முடிக்கவே ஒரு குவார்ட்டர் போயிருது. எங்களுக்கு ஏதுப்பா குவார்ட்டரு? ரெண்டே பாதி. குவார்ட்டருங்குறதே மூச்சு வாங்குறவனுக்காகக் கண்டுபிடிச்சது."

அன்றைய ஆட்டத்தில் ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும், அதாவது ஆட்டத்தின் கால் பாகம் முடியும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் ஓய்வு கேட்டு வாங்கியவர் அவர்தான் என்பதை யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். கல்லூரி வராந்தாவில் மாட்டியிருக்கும் போட்டோவில் சாம்பியன்கள் அத்தனை பேரும் ஷூவோடுதான் நிற்கிறார்கள். போட்டோ சொல்வது நிஜமா, வெள்ளைத்துரை சொல்வது நிஜமா என்று கேள்வி வந்தால் கல்லூரி வெள்ளைத்துரை பக்கம்தான்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த வருஷம் பார்த்து கிளமெண்ட்டுக்கு நிஜமாகவே ஒரு நல்ல அணி அமைந்து தொலைத்தது. மதுரை வட்டாரத்தில் எதிர்த்த கல்லூரி எல்லாவற்றையும் தோற்கடித்துவிட்டுக் கோயம்புத்தூர் மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள். கேப்டன் சூர்யபிரகாஷ் சமயநல்லூர்ப் பையன், கடைசி வருஷம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கோயம்புத்தூருக்கு ரயில்வேயிலிருந்தும் போலீஸிலிருந்தும் ஆள் பார்க்க வருவார்கள். அங்கே கண்ணில் பட்டால் பையனுக்கு வேலை கிடைக்கும். படாவிட்டால் அப்பாவோடு மூட்டை ஏற்ற வேண்டியதுதான். இது கிளமெண்ட்டுக்கு நன்றாகத் தெரியும்.

அனுமதி கேட்டு முதல்வர் ஆசீர்வாதத்திடம் போனார்.

"உங்க சங்கத் தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன் கிளமெண்ட்" என்றார் முதல்வர். "அம்பது வயசு ஆளுங்ககிட்ட வருஷம் தவறாமத் தோக்குற டீமை அனுப்பி, அம்புட்டுத் தூரம் போயி காலேஜ் பேரைக் கெடுக்கணுமான்னு கேக்குறாரு. எனக்கும் நியாயமாத்தான் படுது. சனிக்கிழமை மேட்ச் இருக்குல்ல, பாத்துட்டுச் சொல்றேன்."

கிளமெண்ட் வாயைத் திறந்தார். பசங்கள் தோற்பதே என் சொல்லால்தான் சார் என்று சொன்னால் இத்தனை வருஷக் குட்டும் ஒரேயடியாக வெளிப்பட்டுவிடும். வாயை மூடிக்கொண்டு, "சரிங்க சார்" என்று வந்துவிட்டார். தைரியத்துக்கு அவரிடம் ஒருநாளும் குறைவில்லை, அது தேவைப்படும் நேரத்தைத் தவிர.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பசங்களை உட்காரவைத்தார்.

"நாளைக்கு நெசமா ஆடுங்கடா."

"யாருகூட சார்?" என்றான் சூர்யபிரகாஷ்.

"வேற யாருகூட? எங்ககூடத்தான்."

பசங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வெள்ளைத்துரை அண்ணே எங்கப்பாவ விட மூத்தவரு சார். அவரு ஷாட்ட எப்படித் தட்டுறது? கை மேல பட்டுருச்சுன்னா?" என்று இழுத்தான் சூர்யபிரகாஷ்.

"கோயம்புத்தூர் போகணுமா வேணாமா?"

"போகணும் சார்" என்றான் அவன். ஆனால் அவன் முகம் சரியாக இல்லை.

மறுநாள் அண்ணன்மார் பழைய ஜெர்சிக்குள் ஒருவழியாக நுழைந்து வந்தார்கள், கிளமெண்ட்டும் அதே ஜெர்சியில்தான். பசங்கள் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சூர்யபிரகாஷ் வெள்ளைத்துரையை மறிக்க நன்றாகத்தான் ஓடினான். பக்கத்தில் போனதும் கை தானாகக் கீழே இறங்கியது. "சாரிண்ணே" என்று ஒதுங்கினான். பழக்கிவிட்ட கை. பாதி ஆட்டம் முடிந்தபோது அண்ணன்மார்தான் முன்னிலை.

ஷாமியானாவுக்குக் கீழே முதல்வர் சோகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரை எலுமிச்சை ஜூஸோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "பசங்க நல்ல பசங்கதான் சார்" என்றார். "கேம்தான் இல்ல."

கிளமெண்ட்டின் காதில் அது விழுந்தது. அவருக்கு வந்த கோபம் வெள்ளைத்துரை மேல் இல்லை. தான் சொல்லிக்கொடுத்த மரியாதை ஒரு பையனின் பிழைப்பில் மண்ணைப் போடுவதைப் பார்த்துத் தன் மேலேயே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்ணூற்றேழு ஜெர்சியைக் கழற்றினார். வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பையனின் ஜெர்சியை வாங்கி மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

"என்ன மாப்ள, கட்சி மாறிட்ட?" என்றார் வெள்ளைத்துரை. கூட்டம் சிரித்தது.

"இங்க ஆள் பத்தல மாப்ள" என்றார் கிளமெண்ட். அந்தப் பக்கம் மாற்று ஆட்டக்காரர்களே ஒரு பெஞ்சு நிறைய இருந்தார்கள்.

பந்து வெள்ளைத்துரையிடம் வந்தது. அவர் வழக்கமான இடத்துக்குப் போனார், பசங்கள் வழக்கம் போல வழிவிட்டார்கள். அந்த ஷாட் கிளமெண்ட்டுக்கு மனப்பாடம். முதலில் இடது தோள் இறங்கும், அப்புறம்தான் கை எழும்பும். தோள் இறங்கியதுமே கிளமெண்ட் குதித்தார். குதித்தார் என்பது பெரிய வார்த்தை, தரைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளைச் செருகலாம். ஆனாலும் அது போதுமாக இருந்தது. அடி வாங்கிய பந்து ஷாமியானாவுக்குள் பறந்து முதல்வரின் காலடியில் விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. சூர்யபிரகாஷ் கோச்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல" என்றார் கிளமெண்ட். "ஆடுறா."

ஆடினான். எல்லோரும் ஆடினார்கள். அடுத்த பத்து நிமிஷத்தில் ஓர் அண்ணன் தண்ணீர் குடிக்கப் போனார், ஓர் அண்ணன் போன் வந்ததாகச் சொல்லிவிட்டுப் போய்த் திரும்பவே இல்லை. சூர்யபிரகாஷ் பாய்ந்து பாய்ந்து பந்தைப் போட்டான். முதல்வர் எழுந்து நின்றே பார்த்தார். கிளமெண்ட்டுக்கு அப்படியொரு சந்தோஷம். கடைசிவரை உட்காராமல் பந்துக்குப் பின்னால் ஓடியவர் வெள்ளைத்துரை ஒருவர்தான். திரும்பத் திரும்ப அதே ஹூக் ஷாட்டைப் போட்டார். ஒன்றுகூடக் கூடைக்குப் போய்ச் சேரவில்லை. அண்ணன்மாரைவிட இரண்டு மடங்கு பாயிண்ட் எடுத்துப் பசங்கள் ஜெயித்தார்கள்.

அன்றைக்குப் பிரியாணி வந்தது, ஒப்பீடு வரவில்லை. முதல்வர்தான் மெதுவாகக் கேட்டார்: "என்ன தலைவரே, அனுப்பலாமா?"

பசங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வெள்ளைத்துரையைப் பார்த்தார்கள்.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க" என்றார் அவர். "தொண்ணூத்தேழு டீமையே இந்த அடி அடிச்சிருக்கானுங்க. இதுக்கு மேல தமிழ்நாட்டுல எவன் இருக்கான், இவனுங்கள அடிக்க? இன்னிக்கே ஆர்டர் போடுங்க."

முதல்வருக்கு இதுவும் நியாயமாகவே பட்டது. சூர்யபிரகாஷ் எழுந்து ஓடிவந்து அண்ணன் காலைத் தொட்டான். வெள்ளைத்துரை அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். கிளமெண்ட் மனசுக்குள் சிரித்தார். அவ்வளவு நாள் வழியை அடைத்த தற்பெருமையே இப்போது வழியைத் திறந்துவிட்டது, நல்லது.

கை கழுவக் குழாயடிக்குப் போனபோது வெள்ளைத்துரையும் வந்து பக்கத்தில் நின்றார்.

"மொத வருஷத்துலருந்தேவா?" என்று கேட்டார்.

கிளமெண்ட்டுக்கு உடனே புரிந்தது. "ஆமா மாப்ள."

"ஒரு வருஷங்கூட நெசமா ஜெயிக்கலயா?"

இங்கே ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது கைவந்த வேலைதான். ஆனால் வாயில் வரவில்லை. "இல்ல" என்றார்.

வெள்ளைத்துரை நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "தீபாவளி முடிஞ்சதும் ஓட ஆரம்பிச்சிருவேன்டா. காலங்காத்தால, பைபாஸ் ரோட்டுல, இந்த முட்டிய வச்சுக்கிட்டு. வீட்டுல எம்புட்டுத் திட்டு தெரியுமா? பசங்க எளந்தாரிப் பயலுக, உடம்பத் தேத்தாமப் போயி நின்னா அவனுங்களுக்கு மரியாதை இல்லன்னு சொல்லிட்டு ஓடுவேன்."

கிளமெண்ட் தலையைக் குனிந்துகொண்டார். மரியாதை என்ற பெயரில் இத்தனை வருஷமாகத் தான் சொல்லிக்கொடுத்தது என்னவென்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடியவரை ஏமாற்றினோமே என்று வெட்கமாக இருந்தது.

"மாப்ள..." என்றார்.

"அடுத்த வருஷமும் வாரேன்" என்றார் வெள்ளைத்துரை. "தோத்தா தோத்துட்டுப் போறேன். நீ மட்டும் எனக்காக எவன்கிட்டயும் எதுவும் சொல்லிவைக்காத."

காலை இழுத்து இழுத்து அவர் கார் பக்கம் போனார். கூடப் போய் ஒரு கை கொடுக்க வேண்டும் போலத்தான் கிளமெண்ட்டுக்கு இருந்தது. ஆனால் போகவில்லை.