சக்களத்தி விழித்த சேதி

ஈரப் பஞ்சைக் கணவரின் உதட்டில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது.

"உன் சக்களத்தி முழிச்சாளா?" என்றார் அவர்.

சக்களத்தி என்பது ஒரு நியூட்ரான் நட்சத்திரம். பக்கத்திலிருக்கும் ஜோடி நட்சத்திரத்தின் வாயுவை இழுத்துத் தின்று எக்ஸ் கதிர்களைக் கக்கும் ஜாதி. மற்றவை எரிந்து படிப்படியாக மங்கும். இதுவோ விட்டு விட்டு வெடித்துக்கொண்டிருந்து, இரண்டு வருடத்துக்கு முன் ஒரேயடியாக நின்றுபோனது. ஏனென்று மண்டையை உடைத்துக்கொண்ட மனுஷன் கல்யாண நாளைக்கூட ஆய்வகத்தில்தான் கழித்தார். அந்தக் கோபத்தில் அவள் வைத்த பெயர் அது.

அவருடைய ஆய்வக நண்பரிடம் காலையில்தான் போனில் கேட்டிருந்தாள். இன்னும் இல்லை என்றார். இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் குறையோடு அவரை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"முழிச்சிட்டாளாம். ராத்திரியிலேர்ந்து ஒரே சீரா எரியறாளாம்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரே சீராவா? அவளுக்கு அது வராதே." அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, "வயசாயிடுச்சுல்ல, திருந்திட்டா போல" என்றார்.

நம்பிவிட்டார் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. துணி அலசப் போனாள். சாயங்காலம் அவர் மூச்சு நின்றது.

மறுநாள் கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருக்க, நண்பர் வந்தார். பருமனான ஆள். பொய் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் சீட்டாட எல்லோரும் ஆசையாகக் கூப்பிடுவார்கள்.

"அண்ணி, அது முழிச்சிடுச்சு" என்றார், அவள் கேட்காமலேயே.

"நேத்து காலையில இல்லைன்னீங்களே?"

"அது... அதுக்கப்புறம்..."

"யார் சொல்லச் சொன்னது தம்பி?"

நண்பர் தரையைப் பார்த்தார். "அண்ணன்தான். நீங்க துணி அலசப் போனப்ப போன் பண்ணாரு. குரலே வரல. 'பாவம், எனக்காகப் பொய் சொல்லிட்டு உக்காந்திருக்கா. கேட்டா நீயும் ஆமான்னு சொல்லிடு'ன்னாரு."

நம்பாமலேதான் போயிருக்கிறார்.

வாசலில் வண்டி வந்தது. தூக்குகிறவர்களோடு சேர்ந்துகொள்ள நண்பரும் எழுந்தார். அவருடைய சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, அவர் கேட்டா முழிச்சிட்டாள்னே சொல்லுங்க."

"சரிங்க அண்ணி" என்றார் நண்பர். பிறகு குனிந்து தலைப்பக்கத்தை மெதுவாகத் தூக்கினார்.