றஹீமாவின் இரண்டு கிலோ

1

இது முதலில் கதையாக இருக்கவில்லை. இன்சூரன்ஸ்காரனுக்கு எழுதிய கடிதமாக இருந்தது.

1997, சவுதி அரேபியா. தமாமில் நாங்கள் ஆறு பேர் படுத்தெழும்புகிற அறையில், மீராமுகைதீன் காக்கா என் கட்டிலில் வந்து குந்திக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீ ஊரில, கோமாரியில இருக்கக்குள்ளயே எழுதின ஆள்தானே. ஒரு இங்கிலீசுக் கடிதம் எழுதித் தா."

எனக்கு வருவது தமிழ். அதுவும் தானாகப் பழகியது. அகராதியை மடியில் வைத்துப் பதினொரு வரி எழுதினேன். இன்சூரன்ஸ் கொம்பனிக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. மிஞ்சியதுதான் இது.

2

தொடக்கங்கள்:

"கல்முனைக் கடற்கரையில் அலைகள் புரண்டு" (வெட்டினேன். இந்தக் கதையில் ஒருவரும் கடற்கரைக்குப் போகவில்லை. எனக்குத்தான் கடல் ஞாபகம்.)

"றஹீமா பருமனான பெண், ஆனால் அழகி" (இதையும் வெட்டினேன். காக்கா வாசித்தால் என்னைக் கட்டிலோடு தூக்கி வெளியே போடுவார்.)

சரி, நேராகவே சொல்கிறேன். றஹீமா, மீராமுகைதீன் காக்காவின் மனைவி. முப்பத்தாறு வயது. கல்முனையில் வீட்டிலிருந்து பெண்களுக்கு உடுப்புத் தைக்கிறாள். தன் சட்டைக்கு அளவெடுக்க இரண்டு அளவு நாடாக்களை முடிந்து வைத்திருக்கிறாள். அவளை நான் கண்டதில்லை. இங்கே வருவதெல்லாம் காக்கா சொன்னதும், அவர் சொல்லாமல் விட்ட இடங்களில் நான் நிரப்பியதும்.

கொழும்பில் ஒரு டொக்டர் அவளிடம் சொன்னார்: "நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வருது. ஒருநாள் வராமலே விட்டிரும்." அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

இரைப்பையைச் சிறிதாக்கித் தைக்கும் ஆப்பரேஷன் ஒன்று உண்டு, அது தமாமில் செய்வார்கள், எங்கள் கொம்பனி இன்சூரன்ஸ் மனைவிமாருக்கும் அதற்கான காசைக் கொடுக்கும். நிபந்தனை இதுதான்: ஆறு மாதம் டொக்டர் சொன்னபடி சாப்பாட்டைக் குறைத்து, மாதாமாதம் நிறை எழுதி அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகும் அவள் உயரத்துக்கு நூற்றிப்பத்துக் கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

பட்டினி கிடக்க வேண்டும், கிடந்தும் மெலியக் கூடாது. இப்படியொரு விதியைக் கதைக்காரன் யோசித்திருந்தால் ஏசுவீர்கள்.

3

டிஸ்பென்சரித் தராசு நூறோடு முடிந்துவிடும். அதற்கு மேல் நிறுக்க ஊரில் இருந்தது நெல் மில்லின் தராசு, மூட்டை ஏற்றுகிற தராசு. ஆம்பிளைகள் நிறைந்த இடம் அது. அதனால் றஹீமா வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத் தெரிந்தெடுத்தாள். அந்த நேரம் முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர்கள் வரை ஜும்மாவுக்குப் போயிருப்பார்கள். மில்லில் இருப்பவர் சின்னப்போடி மட்டும். தமிழ் ஊரான சொறிக்கல்முனையிலிருந்து சைக்கிளில் வந்து நெல் நிறுக்கிறவர்.

றஹீமாவின் தங்கச்சி ஸைனம்புவும் கூடப் போனாள்.

"ராத்தா, கெதியா ஏறுங்க. தொழுகை முடிஞ்சி ஆக்கள் வந்திருவாங்க."

"இது நெல்லு நிறுக்கிற தராசுகா. நான் என்ன சம்பாவா?"

"சம்பாவெண்டா நல்ல வில போகுமே. ஏறுங்ககா."

சின்னப்போடி முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, தராசின் முள்ளை மட்டும் கடைக்கண்ணால் பார்த்தார். "ஆடாம நில்லுங்க தங்கச்சி. மூட்டையெண்டா ஆடாது."

ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்: 109. அடுத்த மாதமும் 109. ஆறு துண்டுகளிலும் அதே எண். டிஸ்பென்சரி டொக்டர் அவற்றைப் படிவத்தில் எழுதி முத்திரை குத்தி அனுப்பினார்.

பதில் வந்தது. ஒரு கிலோ குறைவு. அனுமதி இல்லை.

அன்று றஹீமா அழுதுகொண்டே

(இல்லை. அழுதாளா என்று காக்காவுக்குத் தெரியாது. ரெலிபோனை அவள் வைத்துவிட்டாள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.)

அழ நினைத்திருந்தாலும் ஸைனம்பு அழ விட்டிருக்க மாட்டாள். "ஆறு மாசம் சீனியில்லாத தேத்தண்ணி குடிச்சதுக்கு இதா கூலி? ஒரு கிலோ இனிப்பு வட்டிலப்பத்தத் திண்டிட்டுப் போய்த் தராசில ஏறுங்க ராத்தா!"

"பொய் நிறை காட்டி மெய்க் கத்திக்குக் கீழ படுக்கச் சொல்றியா? சும்மா இரிகா."

என்றாலும் ஒரு சந்தேகம் அவளை விடவில்லை. போன வருடம் தைத்த சட்டை இந்த வருடம் நுழையவில்லை. தராசு மட்டும் எப்படி நூற்றிப்பத்தைத் தொடாமல் நிற்கிறது?

4

அடுத்த வெள்ளிக்கிழமை.

"அண்ணன், உங்கட தராசு சரிதானா?"

சின்னப்போடிக்குச் சுருக்கென்றது. "முப்பது வருசமா நிறுக்கிறன் தங்கச்சி. நெல்லுக் கொண்டாற ஒரு போடியாரும் பிழை சொன்னதில்ல. முள்ளுப் பாத்து, ரெண்டு கிலோ கழிச்சி, ஒழுங்காத்தானே எழுதித் தந்த நான்?"

"என்னத்துக்கு ரெண்டு கிலோ?"

"சாக்குக்கும் ஈரத்துக்கும். எல்லா மூட்டைக்கும் கழிக்கிறதுதானே."

ஸைனம்பு முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"அண்ணன்," என்றாள் றஹீமா, "நான் எந்தச் சாக்குக்குள்ள வந்த நான்?"

சின்னப்போடி துண்டுக் கொப்பியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "கடவுளே" என்றார்.

5

இங்கே எனக்குச் சின்னப்போடியில் சந்தேகம் வந்தது. ஒரு பொம்பிளையின் கூச்சம் கொஞ்சம் இறங்கட்டும் என்று, தெரிந்தே கழித்திருப்பாரோ? அப்படி ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவும் வந்தது. காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்ர வாப்பாட நெல்லிலயும் வருசா வருசம் ரெண்டு கிலோ கழிச்ச மனிசன். அதும் மரியாதைக்கா? போடாப்பா!"

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். கைப்பழக்கம்தான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் சோடிக்கவில்லை. சின்னப்போடி அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். பிள்ளைகளோடு காத்திருந்த பெண்களுக்கு நடுவில், தொப்பி போட்ட நோயாளிகளுக்கு நடுவில், வேட்டியோடு தன் முறை வரும்வரை நின்றார். "டொக்டர், இது என்ர கை செய்த பிழை. ஆறு துண்டிலயும் ரெண்டு ரெண்டு கிலோ கூட்டி எழுதுங்க. நான் ஒப்பம் வைக்கிறன்." மில் முத்திரையையும் கொண்டு போயிருந்தார்.

அந்தக் காகிதத்தோடு போனதுதான் என் பதினொரு வரி. சாக்குக் கழிவை விளக்கவே ஏழு வரி போயிற்று.

6

பத்தொன்பதாம் நாள் அனுமதி வந்தது. நூற்றிப்பதினொரு கிலோ, சரி என்று.

காக்கா ரெலிபோன் எடுத்தார். கல்முனையில் ரெலிபோன் பேசுகிற கடைக்குள் றஹீமாவும் ஸைனம்புவும் நின்றார்கள்.

"கிடைச்சிட்டு புள்ள."

"மெய்யாவா?"

"மெய்தான். பேப்பர் கையில இரிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே றஹீமா பக்கத்திலிருந்த பிளாஸ்ரிக் கதிரையில் தொப்பென்று இருந்தாள். எந்தக் கதிரையையும் முதலில் கையால் அமத்திப் பார்த்துவிட்டே இருக்கிறவள் அவள். அன்று பார்க்கவில்லை. கதிரை தாங்கியது.

ஸைனம்பு ரிசீவரைப் பறித்தாள். "மச்சான், வெட்டித் தைக்கிறவனிட்ட தையல நெருக்கிப் போடச் சொல்லுங்க. ராத்தா பாத்துப் பிழை பிடிப்பா!"

அதற்குப் பிறகு ஆயத்தம். இரத்தப் பரிசோதனை, பாஸ்போட். வெற்றிலையை விட்டாள், அதற்குத்தான் கண் கலங்கினாளாம். ஒரு போத்தல் தண்ணீருக்குள் குழாயை விட்டு, குமிழி வர ஊதி ஊதி நெஞ்சைப் பழக்கினாள். கடைசிப் பிள்ளையும் பக்கத்தில் இன்னொரு போத்தலோடு இருந்து ஊதியது. ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் முப்பது தரம் மெல்ல வேண்டும், ஸைனம்பு விரல் விட்டு எண்ணினாள். இப்போது இரண்டு கிழமையாகக் கஞ்சித் தண்ணியும் சூப்பும் மட்டும். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் ஸைனம்புவுக்குப் பொழுது போகவில்லையாம்.

7

முடிவுகள்.

(அ) ஆப்பரேஷன் முடிந்து, ஒரு வருடத்தில் பாதியாகிப் போன றஹீமா விமானத்திலிருந்து இறங்குகிறாள். ஊரே வாய்பிளக்கிறது.

(ஆ) மெலிந்த றஹீமா மில்லுக்குப் போகிறாள். சின்னப்போடி

காக்கா இரண்டையும் நேற்று ரெலிபோனில் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். பக்கத்தில் நின்ற எனக்கே அவள் குரல் கேட்டது. நான் கேட்ட ஒரே தடவை அதுதான்.

"அந்தத் தம்பிக்கிட்டச் சொல்லுங்க, கடிதம் எழுதித் தந்ததுக்கு அல்லாஹ் அவருக்கு நல்லது செய்வான். ஆனா அவர் என்னக் கடதாசியில மெலிய வைக்க வேணாம். பட்டினி கிடந்தது நான். மெலியிறதும் நான்தான்."

அதனால் இரண்டு முடிவுகளையும் விட்டுவிட்டேன். வருகிற வியாழன் அவள் தமாமில் வந்து இறங்குவாள், கடதாசிப்படி நூற்றிப்பதினொரு கிலோவோடு. காக்கா இப்போதே தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். என்னால் எழுதக்கூடியது இவ்வளவுதான்.

இதை நீங்கள் வாசிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். கல்முனைப் பக்கம் போனால் விசாரியுங்கள். ஸைனம்பு ஒன்று விடாமல் சொல்லுவாள். எத்தனை கிலோ என்று மட்டும் கேட்காதீர்கள்.