கேட்டால்தான் அவுட்

பந்து இன்னும் இறங்கவில்லை, மத்தியான வெயிலில் முட்டை வடிவமாய்ச் சுழன்றுகொண்டு மேலேயே நிற்கிறது, ஈப்போத் திடலில் எங்கள் கோட்டைக் காக்கும் கடைசி ஆள் நான், கண்ணுக்குள் வியர்வை, எதிரே தரை அதிர ஓடிவருகிறார்கள் தாய்லாந்துக்காரிகள், பிடி பிடி என்று கத்துகிறாள் எங்கள் ரக்பி கேப்டன் அஸீரா, பிடித்துவிட்டேன், சுத்தமாக, இரண்டு கையாலும், பிடித்தவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும், ரக்பியில் அதுதானே வேலை, நானோ பந்தைத் தலைக்கு மேலே தூக்கி நடுவருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன், பார், கேட்ச் பிடித்துவிட்டேன் என்று. பத்து நாளைக்கு முன்னால்தான் கிரிக்கெட் சட்டை போட்டு இதே நாட்டுக்காக ஆடிவிட்டு வந்தவள், சட்டை மாறியது எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை, ஒருத்தி வந்து மோதியதில் வலது தோள் கழன்றது, பந்து அவள் கைக்குப் போனது, ஆட்டமும் போனது, வலியைவிடச் சிரிப்புச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது, மல்லாந்து கிடக்கிறேன், வானத்தில் பந்தே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கிரிக்கெட்டில் நான் ஒருநாளும் வாய் திறந்து அவுட் கேட்டதில்லை, பிடித்ததைத் தூக்கிக் காட்டுவதோடு சரி, அம்பையருக்குக் கண் இல்லையா என்ன, ஹவ் இஸ் தட், அவுட்டா இல்லையா என்று கத்துவதெல்லாம் விக்கெட் கீப்பர் லீலாவதி, கிள்ளான் திடலில் அவள் கத்தினால் பக்கத்துப் பாசாரில் மீன் வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், ஏன்டி வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க, கேக்காம அம்பையர் வெரல தூக்க மாட்டாரு லா, அதான் சட்டம், என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் திட்டுவாள், எனக்கு அது கேவலமாகப் பட்டது, செய்ததைச் செய்தேன் என்று கூவி விற்க வேண்டுமா, என்ன முட்டாள்தனம், என்ன வறட்டுக் கௌரவம், இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வரும் அம்மா இரண்டு சட்டையையும் ஒரே கொடியில்தான் காயப்போடுவாள், மஞ்சளும் நீலமும், ரெண்டுலயும் நம்ம நாட்டுப் பேருதானே போட்டிருக்கு, அப்புறம் எது ஒசத்தி எது மட்டம், என்பாள், அம்மாவுக்குப் புரிந்தது சங்கத்துக்காரர்களுக்குப் புரியவில்லை, ஈப்போவுக்குப் பிறகு ரக்பியில் என்னைக் கிரிக்கெட்காரி என்றார்கள், கழன்ற தோளோடு திரும்பிப் போனால் கிரிக்கெட்டில் ரக்பிக்காரி என்றார்கள், இரண்டு பக்கமும் நான் விருந்தாளியாகத்தான் இருந்தேன், எலும்பு நொறுங்க ஆடியதை மட்டும் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டார்கள்.

பத்தொன்பது வருடம் கழித்து அழைப்பிதழ் வருகிறது, இரண்டு சங்கமும் சேர்ந்து கட்டிய மண்டபம், நாட்டுக்காக ஆடியவர்கள் எல்லாருடைய பெயரையும் பொறித்த சுவர், திறப்பு விழாவுக்கு நீங்கள் சிறப்பு விருந்தினர் என்று, அம்மா இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பாள், அவளுக்குப் பிடித்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன், இடது பக்கம் கிரிக்கெட், வலது பக்கம் ரக்பி, நடுவில் ஒரு சாண் வெறும் பளிங்கு, இடது பக்கம் லீலாவதி இருக்கிறாள், நான் இல்லை, வலது பக்கம் அஸீரா இருக்கிறாள், நான் இல்லை, மேலிருந்து கீழாக மூன்று தடவை விரல் வைத்துத் தேடினேன், பரீட்சையில் தோற்றவள் பெயர்ப் பலகையை விடாமல் படிக்கிறமாதிரி. கிரிக்கெட் செயலாளர் அருளப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார், உங்கள ரக்பிக்காரங்க போட்டிருப்பாங்கன்னு நெனச்சோம் லா, ரக்பிச் செயலாளர் ஜுல்கிப்ளியோ கிரிக்கெட்டில் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டோம் என்கிறார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், அதற்கும் சிரிக்கிறார்கள், கோவிச்சுக்காதீங்க, என்கிறார் அருளப்பன், அடுத்த தடவ பாத்துக்கலாம், இப்போ மேடைக்கு வாங்க, நீங்கதான் ரெண்டும் ஆடுனவங்க, படம் நல்லா வரும். ஒன்று ஆடினவளுக்குச் சுவரில் இடம், இரண்டும் ஆடினவளுக்குப் படத்தில் மட்டும் இடமா, என்ன கணக்கு இது, அப்படியும் மேடை ஏறுகிறேன், பழக்கதோஷம், கூப்பிட்ட பக்கமெல்லாம் போய் நின்ற கால்கள் இவை.

ஒரு கேட்ச் பிடிங்க, பேப்பர்ல போடுவாங்க, என்று கீழேயிருந்து அருளப்பன் ரக்பி பந்தை எறிகிறார், கேமராக்கள் தயார், பந்து மேலே போகிறது, மண்டபத்து விளக்குகளுக்குப் பக்கத்தில் முட்டை வடிவமாய்ச் சுழல்கிறது, ஈப்போ வெயில் அடிக்கிறது, தரை அதிர்கிறது, இந்தத் தடவை மோத யாரும் இல்லை, பிடிக்கிறேன், சுத்தமாக, நெஞ்சோடு அணைக்கவில்லை, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்குகிறேன், தெரிந்தே தூக்குகிறேன், வலது தோள் சுரீர் என்கிறது, அந்தச் சுவரைப் பார்த்து, மாலையும் பொன்னாடையுமாய் உட்கார்ந்திருக்கும் முன்வரிசையைப் பார்த்து, வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்துகிறேன், ஹவ் இஸ் தட், என் பேரு எங்க. சிரிப்பு ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிற்கிறது, படம் எடுத்தாச்சு, போதும், கைய எறக்குங்க, என்று அருளப்பன் பல்லைக் கடிக்கிறார், மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுகிற சத்தம், நரைத்த தலையோடு லீலாவதி எழுந்து நிற்கிறாள், மீன் பாசாரையே திருப்பிய அந்தக் குரல், ஹவ் இஸ் தட், அவ கேக்குறால்ல, பதில் சொல்லுங்கயா, அவள் பக்கத்தில் அஸீராவும் எழுந்துகொண்டிருக்கிறாள். தோள் எரிகிறது, பந்து இறங்கவில்லை, இந்தத் தடவை அதை மேலே நிறுத்தியிருப்பது நான், கழன்றாலும் கழலட்டும், யாராவது விரலைத் தூக்கும்வரை இந்தக் கை இறங்காது.