ஏழாம் இடத்துச் செவ்வாய்

எனக்குச் செவ்வாய் தோஷம் கிடையாது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் முப்பது வயதாகிவிட்டது.

அப்பா, அம்மா அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பன்னிரண்டு. பெரியப்பா வைத்தீஸ்வரன்தான் லேக் கார்டன்ஸுக்குக் கூட்டிவந்து வளர்த்தார், படிக்க வைத்தார். கல்கத்தாவில் எங்களுக்குத் தெரிந்த தமிழர்கள் பாதிப் பேருக்கு அவர்தான் ஜாதகம் பார்ப்பார். கீழ்வீட்டு வங்காளிக் கிழவி, மாஷிமாகூட அவரைக் கண்டால் கும்பிடுவாள். அந்தக் கும்பிடுகளை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஏழு வருஷத்துக்கு முன் பெரியம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு ஒடிந்தது. அன்றிலிருந்து அவளைத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான். பெரியப்பாவும் சளைக்காமல் எனக்கு வரன் பார்த்தார். என் ஜாதகத்தைத் தன் கையால் நகலெடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவார். பொருந்தவில்லை என்று பதில் வரும். உன் செவ்வாய் அப்படி என்று தலையைத் தடவிக்கொடுப்பார். நானும் அழுதுவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

போன புதன்கிழமை அவர் காளிகாட் போயிருந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு கவர் வந்தது. தபாலை எப்போதும் அவர்தான் பிரிப்பார். அனுப்பியவர் மஹாதேவன், பெரியப்பா கடைசியாக ஜாதகம் அனுப்பிய பிள்ளையின் அப்பா, என்று பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, பிரித்துவிட்டேன். பெண்ணின் போட்டோ எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஏழில் செவ்வாய் இருப்பதால் மனசில்லாமல் ஜாதகத்தைத் திருப்புகிறோம் என்று எழுதி, போன் நம்பரும் போட்டிருந்தார்.

அந்த 'மனசில்லாமல்' என்னைக் குடைந்தது. வேறு யாரிடமாவது காட்டிப் பரிகாரம் கேட்கலாமே என்று, அப்பா எழுதிவைத்த மூல ஜாதகத்தைப் பெரியப்பாவின் பீரோவில் தேடி எடுத்தேன். அதில் செவ்வாய் மூன்றில் இருந்தது. தோஷமே இல்லாத இடம். கூடவே, முன்பு திரும்பி வந்த நான்கு நகல்கள். நான்கிலும் ஏழில். வளர்த்தவர் எழுதியதைச் சரிபார்க்க எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்?

பெரியப்பா வந்ததும் எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் மறுக்கக்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ போயிட்டா பெரியம்மாவ யாரு பாத்துப்பா? உனக்கு இங்க என்ன குறை வச்சேன்?"

குறையாம். மூலத்தையும் ஐந்து நகல்களையும் அள்ளி எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பாவிடம் பொருத்தம் பார்க்க, எங்களுக்குத் தெரிந்த சுந்தரராஜன் மாமா தன் பெண்ணின் ஜாதகத்தோடு வந்தார். மூலத்தையும் சென்னையிலிருந்து வந்த நகலையும் அவர் எதிரில் விரித்தேன். மாமா இரண்டையும் பார்த்துவிட்டு, பெரியவருக்குக் கை தவறியிருக்கும் என்றார். மற்ற நான்கையும் எடுத்துப் போட்டேன்.

"அஞ்சு தடவையும் ஒரே கட்டத்துலயா மாமா கை தவறும்?"

பெரியப்பாவின் கையிலிருந்த தன் பெண்ணின் ஜாதகத்தை மாமா மெல்ல வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஆத்து விஷயம்மா. வெளில சொல்லாதே" என்றார்.

அவர் பெண் தப்பித்தாள். நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

மஹாதேவனின் கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். உள்ளேயிருந்து பெரியம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"எஸ்.டி.டி. பூத்துக்குப் போறேன். அவாகிட்ட நானே பேசிக்கறேன். பெரியம்மா கூப்பிடறா, போய்த் தூக்குங்கோ."